கப்பல்ல ஒரு வாய் தயிர்சோறு

ஏனுங் அம்மிணி, அந்த டப்பாவை இப்படிக் குடுங்க பாக்கலாம். தப்பா எடுத்துக்காதீங்க. கிணத்துக்கடவுல பஸ் ஏறி உங்க பக்கத்துல உக்காந்ததுலருந்து பாத்துட்டுத்தான் வரேன். இட்லியை அப்படியே வாய்க்கு நேரா நீட்டுனா எந்தக் கொழந்தை திங்கும்? போலீஸ்காரர் வண்டியை நிறுத்தி ஊதச் சொல்ற மாதிரியில்ல நீட்டறீங்க. மொதல்ல ஜன்னலைக் காட்டணும். அங்க பாரு சாமி, ஆட்டுக்குட்டி! தொறந்தானா? உள்ள போயிருச்சா? அவ்வளவுதானுங்க விசயம்.

வயிறு நெறைஞ்சிருச்சா? யாரு சொன்னா? ஒண்ணரை வயசுல வயிறு நெறைஞ்சது இவனுக்கு எப்படிங்க தெரியும்? கல்யாண வீட்டுப் பந்தியில உக்காந்தா நமக்கே தெரியறதில்ல.

நான் வற்புறுத்தறவ இல்லைங்க. எங்க ஊர்ல யாரை வேணாலும் கேளுங்க. வற்புறுத்தவே மாட்டேன். திங்கற வரைக்கும் ஊட்டுவேன், அவ்வளவுதான்.

எதுக்குச் சொல்றேன்னா, எனக்கும் பையன் இருக்கறான். மித்ரன்னு பேரு, நாலாவது படிக்கறான். ஒத்தைப் பையன். அந்தக் கெரகம் புடிச்ச கப்பல்ல ஏறற வரைக்கும் அவன் ஒரு வாய் சோறு அவன் கையால எடுத்துத் தின்னதில்லைங்க. எல்லாம் இந்தக் கைதான். எங்கூட்டுக்காரர் பெயின்ட் கடை வெச்சிருக்கறாரு. கடையில டப்பா மேல உக்கார வெச்சு ஊட்டுவேன். ஸ்கூட்டர் முன்னால நிக்க வெச்சுத் தெருவைச் சுத்திச் சுத்தி ஊட்டுவேன். மத்தியானமானா தூக்குப்போசியை எடுத்துட்டுப் பள்ளிக்கூடத்துக்கே போயிருவேன். ஒரு நாள் ஹெட்மிஸ்ட்ரஸ் கூப்புட்டு, "ஏம்மா, நாலாவது படிக்கற பையனுக்கு இன்னுமா ஊட்டறது?"ன்னாங்க. "ஏங்க மேடம், அஞ்சாவதுலருந்து நீங்க ஊட்டறீங்களா?"ன்னு கேட்டுப்போட்டேன். அன்னைலருந்து என்னைக் கண்டா அந்தம்மா ஆபீஸ் ரூம் கதவைச் சாத்திக்கும். வாட்ச்மேன் மட்டும் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. மிஞ்சுனது அவருக்குத்தானே.

பையனும் போதும்மா, போதும்மான்னுட்டேதான் இருப்பான். கொழந்தைங்கன்னா அப்படித்தானுங்க சொல்லும். வீட்டுல ஃபேன் சத்தம் மாதிரி அது, பழகிட்டாக் காதுல விழாது.

இந்தா சாமி, பாலம் வருது பாரு. ஆ! அப்படித்தான்.

கப்பலா? நாங்க எங்கீங்க சொந்தமாக் கப்பலுக்குப் போறது. பெயின்ட் கம்பெனிக்காரங்க டீலருங்களை வருசத்துக்கு ஒருக்கா டூரு கூட்டிட்டுப் போவாங்க. போன வருசம் கொடைக்கானல். மழையில நனைஞ்ச கோழியாட்டம் வந்து சேந்தோம். இந்த வருசம் யாவாரம் நல்லா இருந்துச்சுன்னு, குடும்பத்தோட சிங்கப்பூர் கொண்டுபோயி அங்கிருந்து கப்பல்ல ஏத்தி உட்டாங்க. நாலஞ்சு நாள் கடல்லயே சுத்திட்டு வரது. படகாட்டம் இருக்கும்னு நெனச்சுட்டுப் போனா, அது பெரிய ஊராட்டம் இருக்குது. லிப்டு, கடைவீதி, சினிமாக் கொட்டாய், மொட்டைமாடியில நீச்சல் குளம். சுத்தியும் கடலை வெச்சுட்டு எதுக்குங்க நீச்சல் குளம்?

அதுல கொழந்தைங்களுக்குன்னே ஒரு கிளப்பு. அதுதான் எனக்கு வந்த வெனை. காலையில கொண்டுபோய் உட்டாச் சாயங்காலம் பொழுதோட கூட்டியாறலாம். வயசு வாரியா ரூமு. சறுக்குமரம், பந்து ரொப்புன தொட்டி, கலர் பூசற மேசை, கடல்கொள்ளைக்காரன் தொப்பி போட்டுட்டுப் புதையல் தேடற ஆட்டம், எல்லாம் இருக்குது. கையில ஒரு பட்டை கட்டி உட்டுருவாங்க, மாட்டுக்குக் காதுல வில்லை போடற மாதிரி. பெத்தவங்க உள்ள வரக்கூடாது. இடுப்பு ஒசரத்துக்கு ஒரு குட்டிக் கதவு. இந்தப் பக்கம் நாம, அந்தப் பக்கம் நாம பெத்தது. வர்றவங்க போறவங்கெல்லாம், "அப்பாடா, ரெண்டு மணி நேரம் நிம்மதி"ன்னு கொழந்தையை உள்ள தள்ளிட்டு ஓடறாங்க. ஓடறாங்கன்னா, நெசமாவே ஓடறாங்க. என்ன சென்மங்களோ.

திரும்பக் கூட்டிட்டு வரணும்னா ஒரு ரகசிய வார்த்தை சொல்லணும். வேற யாராவது வந்து நாந்தான் அம்மான்னு கூட்டிட்டுப் போயிரக் கூடாதில்லீங்க, அதுக்காக. மொத நாள் பேரு பதியறப்பவே என்ன வார்த்தைன்னு கேட்டாங்க. எங்கூட்டுக்காரர் யோசிச்சுட்டு நின்னாரு. "முருகான்னு போடுங்க"ன்னு நாந்தான் சொன்னேன். எதுக்கு யோசிக்கோணும்?

கதவுகிட்ட நிக்கற புள்ளைக்கு மாரிசெல்லுன்னு பேரு, பிலிப்பைன்ஸ்காரப் புள்ளை. பேர்ல பாதி நம்ம மாரியாத்தா இருக்கறாளேன்னு எனக்கு மொதல்ல ஒரு பிரியமாத்தான் இருந்துச்சு.

மொத நாள் மத்தியானம் கிளப்புலயே சோறு போடறாங்கன்னாங்க. என்ன சோறுன்னு எட்டிப் பாத்தேன். கோழியை அரைச்சு டைனோசர் மாதிரி செஞ்சு பொறிச்சு வெச்சிருக்கறாங்க. கூட நூல் கண்டாட்டம் ஒண்ணு. என்ற பையன் டைனோசரைத் திம்பானுங்களா? நேரா மேல சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனேன். வெள்ளைச் சோறு இருந்துச்சு. புளிக்காத தயிரு சின்னச் சின்னக் கப்புல இருந்துச்சு. வாரியெடுத்துட்டு வந்து உக்காந்து கையிலயே நல்லாப் பெசஞ்சேன். பக்கத்து மேசை வெள்ளைக்காரங்க கேக்குத் திங்கறதை உட்டுட்டு என்ற கையவே பாத்தாங்க. பாத்துட்டுப் போகட்டும். ஊறுகாயும் போசியும் என்ற பையிலயே இருந்துச்சு. அது இல்லாம நான் எங்கீங்க பொறப்படறது?

குட்டிக் கதவுக்கு மேல கையை நீட்டி, "மித்ரா, ஆ!"ன்னேன். வந்தான். நாலு வாய் வாங்குனான். மூஞ்சியெல்லாம் செவந்து கெடந்துச்சு, பாவம். வெயிலுக்கோன்னு நெனச்சேன். உள்ள ஏசிதான், இருந்தாலும்.

அப்பப் பக்கத்துல ஒரு கொரியாக்காரப் பொடுசு வந்து நின்னு வாயைத் தொறந்துச்சு. நான் கேக்கலைங்க, அதுவாத் தொறந்துச்சு. தொறந்த வாயைப் பாத்துட்டு நான் எப்படிங்க கையைக் கட்டிட்டு நிக்கறது? ஒரு வாய் வெச்சு உட்டேன். மாரிசெல் ஓடி வந்த வேகத்தைப் பாக்கோணுமே! சில கொழந்தைங்களுக்குப் பாலு தயிரெல்லாம் ஒத்துக்காதாம், தடிச்சுப் போயி மூச்சே நின்னுருமாம். கூட்டமாக் கூடிட்டாங்க. அந்த மாதிரிக் கொழந்தைங்களுக்குக் கையில செவப்புப் பட்டை கட்டுவாங்களாம், கடைசியில பாத்தா அந்தப் பொடுசு கையில அது இல்லவே இல்லை. அதுபாட்டுக்கு ஒதட்டை நக்கிட்டு அடுத்த வாய்க்குத் தொறந்து வெச்சிருக்குது! அதுக்கு ஒண்ணும் ஆகலை. எனக்குத்தான் ஆச்சு. இனிமே கதவுகிட்டச் சோறே எடுத்துட்டு வரக்கூடாதுன்னுட்டாங்க.

அதைத் தமிழ்ல சொன்னது தாராபுரம் டீலரோட சம்சாரம், செல்வராணி. இங்கிலீஷ் டீச்சரு. மாரிசெல் பேசுனது என்னமோ நாலே வார்த்தைதான். செல்வராணி சொன்னது ஒரு பாடம். மிச்சமெல்லாம் அதோட சொந்தச் சரக்கு.

அடுத்த நாள் யோசிச்சேன். கதவுகிட்டத்தானே ஊட்டக் கூடாது? வெளிய கூட்டிட்டு வந்து ஊட்டுனா யாரு கேக்கறது? நான் சட்டத்தை மீறறவ இல்லைங்க. போசியை ரொப்பிட்டுப் போயி, "முருகா"ன்னேன்.

மாரிசெல் கம்ப்யூட்டரைப் பாத்துட்டு, "சாரி மேம்"னுச்சு.

சத்தம் பத்தலையாட்ட இருக்குதுன்னு, "முருகா!"ன்னேன்.

"சாரி மேம்."

பழனியாண்டவா, தண்டபாணி, வேலவா, மருதமலையான், சென்னிமலையான்னு ஒரு மலையை உடலைங்க. வரிசையில எனக்குப் பின்னால நின்ன சீனாக்காரரு ஒருத்தரு பாவப்பட்டு, அவரும் ஒருக்கா "முருகா"ன்னு சொல்லிப் பாத்தாரு. ம்ஹூம்.

பையனை என்னமோ பண்ணிட்டாங்க, நடுக்கடல்ல யாருகிட்டப் போய்ச் சொல்றதுன்னு அங்கயே ஒரே கத்து. வெள்ளைச் சட்டை போட்ட ஆபீசர் வந்துட்டாரு. செல்வராணியும் வந்துச்சு. பேசிப்போட்டு என்ற பக்கம் திரும்பி, "அக்கா, காலையில அண்ணன் வந்து வார்த்தையை மாத்திட்டுப் போயிருக்கறாருங்களாம். என்ன வார்த்தைன்னு இவங்க சொல்லக் கூடாதாம். அவரையே கேட்டுக்கங்க"ன்னுச்சு. சொல்றப்ப மூஞ்சியில ஒரு சந்தோசம். இருக்கட்டும், அதோட மகளும் ஒரு நாளைக்குக் கல்யாணம் ஆகிப் போவா.

எங்கூட்டுக்காரரு எங்க இருந்தாருங்கறீங்க? ஐஸ்கிரீம் மிசினுக்குப் பக்கத்துல. கோனைத் திருப்பித் திருப்பி நக்கிட்டு இருந்தாரு.

"என்னங்க, வார்த்தையை மாத்துனீங்களாமா?"

"ஆமா."

"என்ன வார்த்தை?"

"பையனைக் கேட்டுட்டுச் சொல்றேன்."

கல்யாணமானதுலருந்து அந்த மனுசன் என்கிட்ட இப்படிப் பேசுனதில்லைங்க. எடுத்து வெச்ச சட்டையைப் போடுவாரு. தட்டுல வெச்ச தோசையைத் திம்பாரு. வேண்டாங்கறப்ப இன்னொண்ணு வெச்சா அதையும் திம்பாரு. அவ்வளவு நல்ல மனுசன். அன்னைக்கு என்னமோ கடல்காத்து பட்டாட்ட இருக்குது.

"நேத்து நீ ஊட்டிட்டுப் போனதும் பசங்கெல்லாம் அவனைப் பாத்து ஆ, ஆன்னு வாயைத் தொறந்து காட்டிச் சிரிச்சாங்களாம். பந்துத் தொட்டிக்குள்ள போயி ஒளிஞ்சுட்டானாம். காலையில என்ற காலைக் கட்டிட்டு அழுதான்"னாரு.

"அதை என்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"சொல்லிட்டுத்தான இருக்கறான், பூங்கோதை. பல்லு மொளைச்சதுலருந்து சொல்லிட்டேதான் இருக்கறான்."

எனக்கு ஒண்ணுமே புரியலைங்க. அவன் என்கிட்ட எதுவும் சொன்னதா ஞாபகமே இல்லை.

போசியோட மறுபடியும் கிளப்புகிட்டப் போனேன். கதவுப் பக்கம் போகலை. சைடுல ஒரு கண்ணாடி இருக்குது, அதுல மூஞ்சியை வெச்சுப் பாத்தேன். நீள மேசையில பொடுசுங்கெல்லாம் வரிசையா உக்காந்திருக்குது. நடுவுல என்ற பையன். கையில முள்ளுக் கரண்டி. அந்த நூல்கண்டைச் சுத்திச் சுத்தி வாயில போடறான். தாடையெல்லாம் செவப்புச் சாறு. டைனோசரைத் தலையிலருந்து கடிக்கறான். அப்பறம் தட்டைத் தூக்கிட்டுப் போயி இன்னொருக்கா வாங்கறான். வாங்கறானுங்க! நான் கெஞ்சாம, ஆட்டுக்குட்டியைக் காட்டாம, அவனாக் கேட்டு வாங்கறான்.

சந்தோசமா இருந்துச்சுன்னு சொல்லோணும். பொய் சொல்ல மாட்டேன். வயிறு எரிஞ்சுச்சுங்க. என்ற கையில அந்தப் போசி இருக்குது, உள்ள தயிரு புளிச்சுட்டு இருக்குது, அங்க என்ற பையன் நான் இல்லாம சிரிச்சுட்டுத் திங்கறான். கண்ணாடியில என்ற மூச்சு பட்டுப் பட்டு அவன் மூஞ்சியே தெரியாமப் போச்சு.

பொழுதோட எங்கூட்டுக்காரர் வந்தாரு. "போயி நீயே கூட்டிட்டு வா. வார்த்தை இதுதான், பையன் சொன்னது"ன்னு காதுல சொன்னாரு. "அதை நான் சொல்ல மாட்டேன்"னேன். "அப்ப அவன் கப்பல்லயே இருந்துக்கட்டும், நல்லாத்தான் கவனிக்கறாங்க"ன்னுட்டு அவர் பாட்டுக்கு ரூமுக்குப் போயிட்டாரு. மனுசனைப் பாருங்க.

நானும் வீம்புக்கு நின்னேன். ஒவ்வொருத்தரா வந்து அவங்கவங்க வார்த்தையைச் சொல்லிக் கூட்டிட்டுப் போனாங்க. செல்வராணி வந்துச்சு, "ரோஜா"ன்னுச்சு, மகளைக் கூட்டிட்டுப் போயிருச்சு. உள்ள வெளக்கை ஒவ்வொண்ணா அமத்தறாங்க. கடைசியில என்ற பையன் ஒருத்தன்தான். காயிதத் தொப்பி போட்டுட்டுக் குட்டி நாற்காலியில உக்காந்திருந்தான். என்னைக் கூப்புடலை, அழுகலை. என்ற வாயவே பாத்துட்டு இருந்தான். இத்தனை வருசம் நான் அவன் வாயைப் பாத்துட்டு நிப்பேனே, எப்படா தொறக்கும்னு, அதே மாதிரி.

அம்மிணி, பெத்த புள்ளையை வாங்கறதுக்கு இப்படி நின்னிருக்கறீங்களா?

"போதும்"னேன்.

மெல்லத்தான் சொன்னேன். மாரிசெல்லுக்குக் கேக்கலை. "ஒன்ஸ் மோர், மேம்?"னுச்சு. பையனுக்குக் கேட்டிருச்சு, எனக்குத் தெரியும். ஆனா எந்திரிக்கலை. ராஸ்கோல், அவனுக்கும் இன்னொருக்கா கேக்கணுமாட்ட இருக்குது.

"போதும்! போதும் சாமி, போதும்!"னு கத்துனேன். அந்த ஆபீசர் மறுபடியும் எட்டிப் பாத்தாரு. மாரிசெல் சிரிச்சுட்டே கதவைத் தொறந்து உட்டுச்சு.

ஓடி வந்து கட்டிப் புடிச்சான்னு சொல்லோணும்னு எனக்கும் ஆசைதான். அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க. மெதுவா வந்தான். போசியைப் பாத்தான். "இன்னும் இதைத் தூக்கிட்டேவா திரியற?"ன்னான். அப்பறம் என்ற கையைப் புடிச்சுட்டு ரூமு வரைக்கும் புதையல் தேடுன கதையைச் சொல்லிட்டே வந்தான். அவன் அவ்வளவு பேசுவான்னு எனக்கு அன்னைக்குத்தானுங்க தெரியும். வாயில எந்நேரமும் சோறு இருந்தா எங்கிருந்து பேசறது? போசிச் சோத்தை எங்கூட்டுக்காரர்தான் கட்டில்ல உக்காந்து ஊறுகாயைத் தொட்டுட்டு வழிச்சுத் தின்னாரு. ரெண்டு நாளா இதுக்குத்தான் நாக்குச் செத்துக் கெடந்துச்சுன்னாரு. கேட்டிருந்தா ஊட்டியே உட்டிருப்பேன்.

இப்பவா? இப்ப அவனேதான் திங்கறான். பாதியைக் கீழதான் சிந்தறான். பள்ளிக்கூடத்துக்கும் நான் போறதில்லை. வாட்ச்மேன்தான் எளைச்சுப் போயிட்டாரு. மாறிட்டேன்னெல்லாம் நெனச்சுக்காதீங்க, தோள்பட்டை வலி, அதான். ஆனாச் சோத்து நேரமானா இந்தக் கை என்ன பண்றதுன்னு தெரியாம முந்தானையைத் திருகிட்டு உக்காந்திருக்குது. ஒரு நாள் அடுப்படியில நின்னு அழுதேன். வெங்காயம்னு சொல்லிட்டேன்.

அதைப் பாத்துட்டு அப்பனும் பையனும், "நீ உடுமலைக்கு உன்ற தங்கச்சி ஊட்டுக்குப் போயிட்டு வா"ன்னு பஸ்ஸேத்தி உட்டுட்டாங்க. எவ்வளவு பாசம் பாருங்க. பையன்தான் பையைத் தூக்கிட்டு வந்து, பஸ்ஸு கெளம்பற வரைக்கும் நின்னு டாட்டா காட்டுனான். தங்கச்சிக்கு ரெட்டைப் பசங்க. ரெண்டும் சோறே திங்காதுங்க, கருவாடாட்டம் இருக்குதுங்க. "நீ எதுக்குக்கா செரமப்படறே"ன்னு போன்ல எத்தனையோ தடவை சொல்லிப் பாத்தா. எனக்கென்ன செரமம்?

அட, கோமங்கலம் தாண்டிருச்சு. இந்தா சாமி, ஒரே ஒரு துண்டுதான் இருக்குது. ஆ சொல்லு. அங்க பாரு, காத்தாடி! எவ்வளவு பெருசு, எப்படிச் சுத்துது பாரு!

என்ன, கையைத் தள்ளற? காத்தாடியைப் பாக்காம என்ற மூஞ்சியப் பாக்கற? நெய் பத்தலையோ என்னமோ. இருங்க, நான் ஒரு துளி வாயில போட்டுப் பாக்கறேன். நெய்யெல்லாம் சரியாத்தான் இருக்குது. நல்லாத்தான் செஞ்சிருக்கறீங்க.

என்ன சொன்னே? "போம்"மா?

ஏனுங் அம்மிணி, இவனுக்கு இன்னும் பேச்சே வரலைன்னு சொன்னீங்க?

இந்தாங்க, டப்பாவை மூடி உள்ள வெச்சுருங்க. இல்லைங்க, வெச்சுருங்க. நான் வற்புறுத்தறவ இல்லைன்னு அப்பவே சொன்னேனே.

கேட்டுச்சு சாமி. கத்தாதே. கேட்டுருச்சு.